குழாயில் தெளிந்த நீர்

மயிலாப்பூர் வைத்தியசாலையின் ஜன்னலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. டாக்டர் சுலோச்சனா ஒரு கண்ணாடிக் குழாயை அந்த வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். அடியில் ரத்தம் உறைந்து கிடக்கிறது. அதன்மேல் பிரிந்து நிற்கும் நீர் இளமஞ்சளாக, ஜன்னல் கம்பி ஊடே தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கிறது. மாசி மாதம் எடுத்தபோது இதே நீர் கொழுப்பேறி மோராக வெளுத்திருந்தது. எதிரே, அந்த ரத்தத்துக்கு உரியவளான சாந்தோம் குப்பத்து மீன்காரி சவரியம்மா. முகத்தின் வீக்கம் வடிந்து, பழைய கன்னமேடு எட்டிப் பார்க்கிறது. "உன் கழுத்துச் சுரப்பி மந்தமானதால ரத்தத்துல கொழுப்பு தேங்கிப்போச்சு. மாசியில நான் குடுத்தேனே, ஆட்டுச் சுரப்பியில செஞ்ச மாத்திரை, அதுதான் கொழுப்பைக் குறைச்சிருக்கு. நிறுத்திடாதே," என்கிறார் டாக்டர். சவரியம்மா குழாயை வாங்குகிறாள். கூடை மீனின் செவுளைத் தூக்கிக் கண்ணைப் பார்ப்பவள்போல, விரல் நுனியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். நெடுநாள் கரகரப்பு விட்டுப்போன குரலில் உரக்கச் சிரிக்கிறாள். "மீனு கண்ணு ஒரு தபா மங்கிப்போச்சின்னா அவ்ளோதாம்மா. எத்தினி தண்ணி தெளிச்சாலும் தெளியாது. எனக்குத் தெளிஞ்சிகீதே!"