திரும்பும் இடத்தில் ஒரு முள்

மாலை வெயில் புது லயத்தின் தகரக் கூரையில் சாய்ந்து கிடக்கிறது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஜனங்களை வெள்ளைக்காரச் சர்க்கார் முள்வேலிக்குள் குடிவைத்து ஒரு மாதமாகிறது. பழைய லயத்தில் கண் தெரியாமலே ராணிபோல் நடமாடிய சந்தியாகம்மாளுக்கு இங்கே எல்லாத் திசையும் ஒன்றுதான். நேற்று, துணைக்கு வரும் பக்கத்து வீட்டுச் சின்னத்தாய்க்குக் காத்திராமல் குழாயடிக்குக் கிளம்பியவள் வேலிப்பக்கம் போய்விட்டாள்; காவல்காரன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். இன்று அவள் வாசலிலிருந்து குழாயடிவரை இடுப்புயரத்தில் ஒரு கம்பி ஓடுகிறது. வேலி போட்டு மிஞ்சிய முள்கம்பிதான். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து லயத்துப் பையன் வீரன் குறட்டால் முள்ளையெல்லாம் பிடுங்கியிருக்கிறான். ஒரு கையில் வாளி, மறு கையைக் கம்பிமேல் ஓடவிட்டு அவள் நடக்கிறாள். கம்பி மெல்ல முனகுகிறது. வழி வளையும் கட்டையருகே விரலில் சுருக்கென்று தைக்கிறது. "ஐயையோ பெரியம்மா, ஒண்ணு விட்டுப்போச்சு!" என்று வீரன் குறட்டோடு ஓடி வருகிறான். அவள் அவன் கையைத் தட்டிவிடுகிறாள். "தொடாத லா! இங்கதான திரும்பணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும்." விரலைச் சூப்பிக்கொண்டே திரும்புகிறாள். குழாய் சொட்டும் சத்தம் நேர் எதிரே கேட்கிறது. "நான் வர்றதுக்குள்ள அப்படி என்னா அவசரம்?" என்று பின்னாலிருந்து சின்னத்தாய் கத்துகிறாள். சந்தியாகம்மாள் நடையை நிறுத்தவில்லை. "சும்மா கத்தாம ஒன் வாளியக் கொண்டாடி, அதையும் ரொப்பித் தரேன்."