பீடத்துக்கு வந்த பலகை

கோயிலுக்குள் கால் வைத்ததுமே டீச்சருக்குக் கறிவாடை அடித்த மாதிரி இருந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கவாட்டு நடைவழியில் போனார். சுவரோரம் சாய்ந்து நின்றது அந்தப் பலகை.

"வந்து சேந்துருச்சா சனியன்," என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

பலகை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுத் தழும்புகள். தழும்புக்குள்ளெல்லாம் கறுப்பேறிப்போன கறை. கத்தி விழுந்து விழுந்து நடுவில் ஒரு தட்டு அளவுக்குக் குழி விழுந்திருந்தது. விளிம்போரம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. எத்தனை ஆடு இதன்மேல் துண்டு துண்டானதோ என்று நினைத்தபடி ஒரு அடி தள்ளி நின்றார்.

நாளை மறைமாவட்ட ஆயர் வருகிறார். பெரிதாக்கிக் கட்டிய கோயிலுக்குப் பழைய பீடம் சின்னதாகிவிட்டதால், புதுப் பீடத்துக்கு எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யப்போகிறார். ஒரே துண்டாக அவ்வளவு அகலப் பலகை எந்த மரக்கடையிலும் அகப்படவில்லை. கடைசியில் கறிக்கடைக்காரர்தான், தன் கடைப் பலகையைக் காணிக்கையாகத் தருகிறேன் என்று முன்வந்தார். ஃபாதரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து டீச்சருக்குத் மனசு ஆறவில்லை.

பழைய பீடம் டீச்சருடைய தாத்தா கொடுத்தது. பெரிய வியாபாரியாக இருந்தவர் என்பது வீட்டுப் பேச்சு. ஆண்டவரின் ஐந்து காயங்களை நினைத்து அதன் மேற்பரப்பில் ஐந்து சிலுவைகள் செதுக்கிக் கொடுத்திருந்தார். மாதம் தவறாமல் விரிப்புகளை எடுத்துவிட்டுக் கல்லுப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான். பலிக்கு உப்புச் சேர்க்கச் சொல்லி வேதத்திலேயே இருக்கிறதே என்று, கூடவந்து தேய்க்கும் பெண்களுக்கு டீச்சர் விளக்கம் சொல்வார்.

அந்தப் பீடத்தைத் தச்சர் காலையில் கழற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டு, வீட்டில் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் வந்திருந்தார். அது உள்ளே சாமான் அறையில் கிடக்கும். போய்ப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

ஃபாதர் தன் அறையிலிருந்து வந்தார். வெளியூர் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"பாத்தீங்களா ஃபாதர் லட்சணத்த? இதுமேலயா நாளைக்கு ஆண்டவரோட திருவுடல வைக்கப்போறீங்க?"

ஃபாதர் குனிந்து பார்த்தார். அவருக்கும் முகம் சுருங்கத்தான் செய்தது. "நல்லா இழைச்சுக் கொண்டாறேன்னுதானே சொன்னாரு..."

"இழைச்ச அழகுதான் தெரியுதே."

"இருக்கட்டும் டீச்சர், மறுபடி இழைச்சுக்கலாம். பலிபீடம்னு பேரு வச்சுட்டு ரத்தத்துக்கு முகம் சுளிச்சா எப்படி? அந்தக் காலத்துப் பீடத்துல ஆட்டு ரத்தம் வழிஞ்சுது. இனி ஆடு வேண்டாம், நானே வர்றேன்னு ஆண்டவர் தன்னையே பலியாக் குடுத்தாரு. அத மறந்துட்டா பீடம் வெறும் மேசைதான்."

"பிரசங்கம் நல்லாத்தான் இருக்கு. வாடைதான் தாங்கல," என்றார் டீச்சர். விளிம்பில் பூத்திருந்த உப்பை நுனிவிரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, விரலைச் சுவரில் அழுத்தித் துடைத்தார். "கறிக்கடை உப்பு. நாத்தம் போகத் தேய்ச்சிருக்கான்."

"அந்த மனுஷன் குடும்பத்துக்கே கஞ்சி ஊத்தின பலகை இது. ஆசையாக் குடுக்கறாரு. வேண்டாம்னு திருப்பிவிட்டா, இனிமே கோயில் வாசல மிதிப்பாரா?"

"மிதிக்காட்டிப் போகட்டும். காலங்காலமா ரத்தத்துல கைவச்ச பரம்பரை, அந்தக் கை பட்டது பீடத்துல ஏறக் கூடாது. எங்க தாத்தா பீடம் இருந்த இடத்துல இது ஏறுச்சுன்னா, நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஆயர்கிட்டயே கேப்பேன்."

டீச்சர் சொன்னால் செய்கிறவர்தான் என்று ஃபாதருக்குத் தெரியும். ஆயர் காதுவரை போனால் பலகை திரும்பிவிடும், கொடுத்தவரின் மானமும் கூடவே போகும்.

நடைவழியின் கோடியில் யாரோ செருமினார்கள். கறிக்கடைக்காரர். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். வந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்க வேண்டும், எல்லாம் காதில் விழுந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

டீச்சர் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. "இன்னிக்கே இத எடுத்துட்டுப் போயிடுப்பா. ஆயர் கண்ணுல படக் கூடாது."

கறிக்கடைக்காரர் கிட்டே வந்தார். தழும்புகள் மேல் விரலை ஓட்டினார், நடுக்குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பிறகு பலகையை இரண்டு கையாலும் பிடித்து, மெல்லத் திருப்பிச் சுவரில் சாய்த்தார்.

மறுபக்கம் வழவழவென்று மின்னியது. அதில் ஐந்து சிலுவைகள் இருந்தன.

டீச்சரின் கைக்குட்டை மூக்கிலிருந்து தானாக இறங்கியது.

"என் பலகை இன்னும் வண்டியிலதான் இருக்கு, டீச்சர்."