நீலத் தாள்

“எல்லாரும் நீலத் தாளுக்குத்தான் கை தூக்கணும். மஞ்சளுக்கு எவனாவது தூக்கினான்னா அப்புறம் என்கிட்ட பேச வேண்டாம்,” என்றான் குணாளன்.

லோரிக் கொட்டகையில் நின்றிருந்த டிரைவர்கள் தலையாட்டினார்கள். கோத்தா திங்கியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகிற கம்பெனி அது. எந்த லோரி எந்தத் தோட்டத்துக்கு எப்போது போக வேண்டும் என்று தினமும் திட்டம் போட்டுக் கொடுப்பவள் சந்திரமதி. இப்போது அந்த வேலைக்குத்தான் ஆபத்து என்று கொட்டகை முழுக்கப் பேச்சு.

“ஏஐ வந்துட்டா அக்காவுக்கு இங்க என்ன வேலை?” என்றான் அக்பர். “பாஸ் மெர்சிங்ல புதுக் கிளை திறக்கிறாரு. அந்தச் செலவுக்கு இங்க ஆளைக் குறைக்கப் பார்க்கிறாரு.”

“விட்டுடுவோமா? என் வீட்டுக்காரிக்கு வலி எடுத்துடுச்சுன்னதும், பாதி வழியில நின்ன என் லோரிக்கு வேற ஆளை அனுப்பி என்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவங்க அவங்க. மெஷின் செய்யுமா லா?” என்றான் குணாளன்.

முதலாளி திருச்செல்வம் கெட்டவர் இல்லை. புதுசாக எது வந்தாலும் வாங்கிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். ஒரு வருஷம் ‘கிளவுட்’ என்றார்கள், வாங்கினார். யாரும் அதைத் தொடவில்லை. அடுத்த வருஷம் டிரோன் வாங்கினார். அது ஒரு செம்பனை மரத்து உச்சியில் சிக்கி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதனால், ஏஐ வாங்குங்கள் என்று ஜோகூர் பாருவிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து நச்சரித்தபோது இந்த முறை உஷாராகிவிட்டார்.

“முதல்ல சோதிச்சுப் பார்ப்போம். லாபம் இருந்தா வாங்குறேன்,” என்று சொல்லி அனுப்பினார்.

சோதனை இதுதான். ஒரு வாரம் மஞ்சள் தாளில் திட்டம் வரும், மறு வாரம் நீலத் தாளில். ஒன்று சந்திரமதி போட்டது, மற்றது மெஷின் போட்டது. எது யாருடையது என்று சொல்ல மாட்டார். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எது நல்லது என்று டிரைவர்கள் சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் தெரியாதா என்ன? நீலத் தாள் கைக்கு வந்த முதல் நாளே குணாளன் கண்டுபிடித்துவிட்டான். அதன்படி ஓட்டினால், சந்திரமதியின் பழைய திட்டங்களைப் போலவே, பசியாறுகிற நேரத்துக்கு நாஸியா சாப்பாட்டுக் கடை முச்சந்தி வந்துவிடும். ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் டீ முடித்துவிட்டு ஆலைக்குப் போனால் அங்கே வரிசையும் குறைந்திருக்கும். மஞ்சள் தாளிலோ, அந்த நேரத்தில் காட்டு நடுவில் வெறும் வயிற்றோடு நிற்க வேண்டும்.

“மெஷினுக்கு நம்ம பசி தெரியுமா? நீலம்தான் அக்கா போட்டது,” என்று அவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். அதன் பிறகு, லேசாகத் தும்மினாலே டாக்டரிடம் எம்சி சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டில் படுத்துவிடும் ஆள்கூட நீல வாரத்தில் லீவு போடவில்லை. அக்காவுக்காக அப்படி உழைத்தார்கள்.

ஆபீஸ் கதவு திறந்தது. திருச்செல்வம் முன்னால் வந்தார். பின்னால் வந்த சந்திரமதியின் முகம் வெளிறியிருந்தது. பாவம், எப்படிப் பயந்து போயிருக்கிறாள் என்று குணாளனுக்கு மனது கேட்கவில்லை.

“சரி, எந்தத் தாள் நல்லாயிருந்துச்சு? மஞ்சளா?”

ஒரு கையும் எழவில்லை.

“நீலமா?”

எல்லாக் கைகளும் எழுந்தன. குணாளன் இரண்டு கைகளையும் தூக்கினான். சந்திரமதியின் கண்கள் நிறைந்துவிட்டன.

“எனக்கும் அப்படித்தான் தோணுது,” என்றார் திருச்செல்வம். “நீல வாரத்துல டீசல் மிச்சம், ஆலையில காத்துக் கிடக்கிறதும் குறைஞ்சிருக்கு. அதைவிட, நீங்க முணுமுணுக்காம ஓட்டினீங்க பாருங்க, அதுதான் எனக்கு முக்கியம். நான் இத்தனை சாமான் வாங்கினேன், நீங்க ஒண்ணையும் மதிக்கல. நீங்க மனசார ஏத்துக்கிட்டாத்தான் எனக்கு லாபம். அதனால வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

“எதை பாஸ்?” என்றான் அக்பர்.

“ஏஐயைத்தான். நீலத் தாள் அது போட்டது.”

ஜோகூர் பாருவுக்குப் போன் போட அவர் உள்ளே போய்விட்டார். சந்திரமதியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே குணாளனுக்கு வெட்கமாக இருந்தது.

“அக்கா, எங்க கையாலேயே உங்க வேலையைத் தொலைச்சிட்டோம். டீக்கு நேரம் இருக்கவும் அது நீங்க போட்டதுன்னு நம்பி மோசம் போயிட்டோம்.”

சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதுக்கு ஏன்டா இப்படி உடையற? அவசரம்னா எப்பவும் போல எனக்குப் போன் பண்ணுங்க. மெர்சிங் ஒண்ணும் சீமையில இல்ல.”

“மெர்சிங்கா?”

அவள் ஆபீஸ் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க டீ நேரத்தை அந்த மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான், என் மஞ்சள் தாள்ல அதை வேணும்னே விட்டதும் நான்தான், ஏன்னா இங்க என் வேலையைப் பார்க்க வேற ஒரு வழி கிடைச்சாத்தான் மெர்சிங் கிளைக்கு என்னை மேனேஜரா அனுப்ப முடியும்னு பாஸ் சொல்லிட்டாரு லா.”