மாடிக்கு வெந்நீர் அனுப்பிய குட்டி பம்ப்

குளிர்மலையில் ஒரு வீடு. குழாய்களில் ஓடிய வெந்நீர்தான் அறைகளுக்குச் சூடு தந்தது. கீழ்த்தளம் முழுக்க ஒரே பெரிய பம்ப் தண்ணீரைத் தள்ளும். அறைக்கொரு வால்வு திறந்துவிடும். மாடிக்கு மட்டும் தனியாக ஒரு குட்டி பம்ப்.

"நாளைக்கு உன்னைக் கழற்றிவிட்டு அங்கேயும் வால்வு வைக்கப் போகிறார்கள். பெரிய பம்ப் ஒருத்தர் போதாதா? உனக்கு எதற்குத் தண்டக் கரண்ட்?" என்று சிரித்தது ஒரு வால்வு.

குட்டி பம்புக்கு வருத்தம்தான். ஆனாலும் மாடியில் கைக்குழந்தை இருந்ததே! குட்டி பம்ப் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

மறுநாள் பனி கொட்டியது. பெரிய பம்ப் ஒருமுறை உறுமிவிட்டு நின்றுபோனது. வால்வுகள் வாயைப் பிளந்தும் வெந்நீர் வரவில்லை. வீடே நடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடியது. அங்கே குட்டி பம்ப் அனுப்பிய வெந்நீரின் சூட்டில் குழந்தை போர்வையை உதைத்துவிட்டுச் சிரித்தது.

கழற்ற வந்த பிளம்பர், "இதையா கழற்றுவது? கீழேயும் அறைக்கொன்று இப்படியே வைப்போம்!" என்றார்.

குட்டி பம்ப் பாடிக்கொண்டே ஓடியது.