ரெண்டு பேர்

அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவில் காலை ஏழரை மணி. தோளில் லேப்டாப் பையோடு திருமூர்த்தி, அடுப்பு மேடையில் சாய்த்து வைத்த போனைப் பார்த்துக் கத்துகிறான். "ஒரு சாண்கூட விட்றாத பசுபதி! போனை நல்லாக் காட்டு, நான் ரெக்கார்ட் பண்றேன்." ஊரில், கோபிக்குப் பக்கத்து வயலில் தம்பி பசுபதி ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறான். மாலை வெயிலில், பொது வரப்பைச் செதுக்கிக்கொண்டிருக்கும் சித்தப்பா மகன் சென்னியப்பன் நிமிர்கிறான். மம்பட்டி மேலே எழுந்து மின்னுகிறது. ஈர மண்ணில் இறங்கும் அதே சத்தம். திரை சுழன்று விழுந்து வானத்தைக் காட்டுகிறது; ஒரு கொக்கு மெதுவாகக் கடக்கிறது; ஓரத்திலிருந்து சிவப்பு வழிகிறது. இங்கே டோஸ்டரிலிருந்து ரொட்டி துள்ளி எழுகிறது. சென்னியப்பனின் முகம் திரையை நிறைக்கிறது, மூச்சிரைக்கிறது. "ஊர்ல மம்பட்டி புடிக்க நாங்க ரெண்டு பேருதானுங்ணா இருந்தோம்."