பாதி வண்டி

ஃபிளாட்ஸ் குலுக்கலில் மூணாம் மாடி ரெஹானுக்குக் கூரை போட்ட பார்க்கிங் விழுந்தது. குருபிரசாத்துக்கு மரத்தடி. அன்றிலிருந்து ரெஹானைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

பின்னே என்ன? மயிலாப்பூரில் இருக்கிற காக்கையெல்லாம் அந்த ஒரு மரத்தில்தான் குடித்தனம். கீழே நிற்பதோ அவருடைய கறுப்பு பத்மினி. கோபாலபுரத்துப் பங்களா ஒன்றிலிருந்து ஆசை ஆசையாய் வாங்கி வந்து, பார்த்துப் பார்த்துப் பெயிண்ட் அடித்த பழைய கார். எச்சமும் பிசினும் தூசியும் அப்பிக்கொண்டு, எத்தனை கழுவினாலும் சொரசொரப்பு போகவில்லை.

இன்று சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சில் பழைய கார்களின் அணிவகுப்பு. முதல் தடவையாக பத்மினிக்கும் அழைப்பு வந்திருந்தது. மனிதருக்குக் காலையில் காபி கூட இறங்கவில்லை.

காருக்கென்றே விற்கிற களிமண்ணை வரவழைத்திருந்தார். சோப்புத் தண்ணீர் தெளித்து, களிமண்ணைத் தட்டையாக்கி மெல்லத் தேய்த்தால், பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற அத்தனையும் அதில் ஏறிவிடுமாம். பானெட்டை முடித்தார். வீடியோவில் சொன்னபடி கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவினார். சொரசொரப்பு போன இடம் தெரியவில்லை.

"மது, ஓடி வாயேன். கையை வெச்சுப் பாரு. வெண்ணெய்டீ!"

மதுவந்தி வந்தாள், தடவினாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு தடவை இப்படிக் கூப்பிட்டதுண்டா என்று கேட்டாள். அப்படியே, தி. நகரில் சித்தி பெண்ணுக்குச் சீமந்தம், சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றும் ஞாபகப்படுத்தினாள்.

அவசர அவசரமாக இடது பக்கத்தை முடித்தார். வலது பக்கத்துக்குப் போகும்போது ஈரக்கையிலிருந்து களிமண் நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் அடியெல்லாம் மணல்.

கீழே விழுந்ததை மறுபடி வண்டியில் வைக்கக்கூடாது, ஒரு மணல் இருந்தாலும் பெயிண்ட்டைக் கீறிவிடும் என்று வீடியோவில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, வீட்டில் இன்னொரு துண்டு இருந்தது. சீமந்தத்துக்குப் போய்விட்டு வந்து மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று, விழுந்ததைக் குப்பையில் போடப் போனார்.

அப்போதுதான் ரெஹான் வந்தான். பாண்டி பஜாரில் அப்பாவோடு திரைச்சீலைக் கடை வைத்திருக்கிற பையன். வலது பக்கம் இன்னும் பாக்கியா என்று விசாரித்தான். பாக்கிதான், சாயங்காலம் ஷோ, அதற்குள் வெளியே வேறு போக வேண்டியிருக்கிறது என்று இவர் சலித்துக்கொண்டார்.

"அங்கிள், அந்தக் களிமண் கொஞ்சம் கிடைக்குமா? சின்னத் துண்டு போதும்."

குருபிரசாத் நிமிர்ந்தார். கூரைக்குக் கீழே ரெஹானின் புது வண்டி பளபளவென்று நின்றது. அதுவும் கறுப்பு. பொட்டு எச்சம் கிடையாது. இருக்கிற நிழல் போதாதென்று களிமண் வேறு வேண்டுமா இவனுக்கு? வயிறு எரிந்தது.

கையிலிருந்ததைப் பார்த்தார். மணல் உள்ளே போகும்படி நன்றாகப் பிசைந்து, உருட்டி, மேலே வழவழவென்று ஆக்கினார்.

"தாராளமா எடுத்துக்கோப்பா. நன்னா அழுத்தித் தேய்க்கணும். அப்பத்தான் போகும்."

ரெஹான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஆட்டோவில் போகும்போது மதுவந்தி, நீங்கள் இவ்வளவு நல்லவர் என்று தெரியாமல் போச்சே என்றாள். அவர் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். சீமந்த வீட்டில் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். கூரைக்குக் கீழே ஒரு கறுப்பு வண்டி கோடு கோடாய் நிற்பதை நினைக்க நினைக்க இனித்தது. பணமா இல்லை அவனிடம், வேறு பெயிண்ட் அடித்துக்கொள்ளட்டும்.

திரும்பி வந்து கேட்டுக்குள் நுழைந்ததும் திக்கென்றது. மரத்தடியில் பத்மினியைக் காணோம். அந்த இடத்தில் ரெஹானின் வண்டி நின்றது. அதற்குள்ளேயே அதன் தலையில் காக்கை தன் வேலையைக் காட்டியிருந்தது.

"நாகராஜ், என் வண்டி எங்கேய்யா?"

"அங்க கீது சார்," என்று வாட்ச்மேன் நாகராஜ் கூரைப் பக்கம் கையைக் காட்டினான். "ரெஹான் சார்தான் எங்கிட்ட கீற சாவிய வாங்கி, எட்து வுட்டாரு."

இடத்தைப் பிடித்தது போதாதென்று வண்டியையுமா தொட்டான்? குருபிரசாத் பாய்ந்தார்.

கூரைக்குக் கீழே பத்மினி. அதன் பக்கத்தில், சட்டையெல்லாம் நனைந்துபோய், துடைக்கிற துணியோடு ரெஹான்.

"மத்தியானம் மரத்தடியிலயும் வெயில் வந்துடுச்சு, சோப்புத் தண்ணி காஞ்சிடுது அங்கிள். அதான் நிழலுக்கு எடுத்துட்டு வந்தேன். எனக்கு இந்த இடம் விழுந்ததாலதானே உங்க வண்டி அங்க கெடந்து இப்படி ஆச்சு? மனசுக்கு ஒரு மாதிரியாவே இருந்துச்சு. சாயங்காலம் ஷோவுக்கு டைம் வேற இல்ல. ரைட் சைடு ஃபுல்லா நானே முடிச்சிட்டேன்."

மதுவந்திக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னைப்போல ஒரு தம்பி எனக்கு இல்லாமல் போனானே என்றாள்.

குருபிரசாத் வண்டியின் இடது பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சுற்றி வந்து பார்க்கக் கால் வரவில்லை.

ரெஹான் துணியைப் பிழிந்தபடி தயங்கினான்.

"நுரை இருக்கிறவரைக்கும் ஒண்ணும் தெரியல. இப்பத்தான் துடைச்சேன் அங்கிள். நீங்க சொன்ன மாதிரிதான் நல்லா அழுத்தித் தேய்ச்சேன், நீங்க குடுத்த களிமண்ணுதான்... அப்புறம் ஏன் அங்கிள் இவ்ளோ கோடு?"