பக்கத்து மலை

கோடு இருந்தது.

பனிக்குக் கீழே, பல கிலோமீட்டர் ஆழத்தில், வெள்ளையாக, மட்டமாக.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள். கூட்டினாள்.

கோடு அப்படியே இருந்தது.

வியாழனைச் சுற்றுகிற பனி நிலா அது. விண்கலம் அதன் மேலே பறந்தபடி ரேடார் அலையைக் கீழே அனுப்பும். திரும்பி வருகிற எதிரொலியைக் காதுகொடுத்துக் கேட்கும். சீக்கிரம் வந்தது படத்தில் மேலே இருக்கும். தாமதமாக வந்தது ஆழத்தில் இருக்கும். அந்தப் படத்தைப் படித்துச் சொல்வது அவள் வேலை.

இந்தச் சமவெளியைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். மேற்பரப்பு பாளம் பாளமாக உடைந்து, நகர்ந்து, மறுபடி உறைந்திருந்தது. உடைந்த அப்பளத்தை யாரோ தப்புத் தப்பாக ஒட்டிவைத்ததுபோல. கீழே ஏதோ அசைந்திருக்கிறது என்று அடித்துச் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

கீழே தண்ணீர் இருந்தால் கோடு இப்படித்தான் விழும்.

கடல்.

வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அறையில் அந்தச் சொல்லை யாரும் அவ்வளவு சுலபத்தில் சொல்வதில்லை. சொன்னவர்கள் சூடுபட்டிருக்கிறார்கள்.

ஏனென்றால் அங்கே மலைகளும் உண்டு. ரேடார் அலைக்கு நேர் கீழே மட்டும் போகத் தெரியாது. பக்கவாட்டிலும் சிதறும். எங்கோ தள்ளி நிற்கிற மலையில் பட்டுத் தாமதமாகத் திரும்பும். தாமதமாக வந்ததால் படத்தில் ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மலை, கடல் வேஷம் போடும்.

அதற்காகவே அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் கண்டதை இன்னொருவர் பொய்யென்று காட்டி உடைக்கப் பார்க்க வேண்டும். கண்டவரே உடைக்கப் பார்க்கக் கூடாது. தன் பிள்ளைக்குத் தானே மார்க் போட்டதுபோல் ஆகிவிடும்.

அவள் கண்டதை உடைப்பவன் ஜெபராஜ். பாளையங்கோட்டைக்காரன். நல்லவன்தான். ஆனால் அவள் காட்டிய கோடுகளில் ஒன்றைக்கூட அவன் இதுவரை உயிரோடு விட்டதில்லை.

இந்த முறையும் உடைந்தால் அதோடு சரி. கலத்தில் எரிபொருள் தீரப்போகிறது. பாக்கி இருப்பது ஒரே சுற்று. அது இந்தச் சமவெளியின் மேல் போவதா, வேறு எங்காவது போவதா என்று மாலைக் கூட்டத்தில் முடிவாகிவிடும். இங்கே போகவில்லையென்றால், அவள் ஆயுசில் இனி யாரும் போகப்போவதில்லை.

ஜெபராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

அந்த நிலாவின் மேடுபள்ளங்கள் எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்தான். வெறும் மலைகள் மட்டும் இருந்து, பனிக்குக் கீழே ஒன்றுமே இல்லாவிட்டால் எதிரொலி எப்படி வரும் என்று படம் போடச் சொன்னான். அதிலும் அதே கோடு விழுந்தால், அது மலை.

படம் இடது ஓரத்திலிருந்து மெல்ல நிறைந்தது.

ஆழம் வெறுமையாக வர வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அவளுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இருந்தும் வேண்டிக்கொண்டாள்.

மேற்பரப்பு வந்தது. பாளங்கள் வந்தன. ஒரு விரிசல் வந்தது.

பிறகு கோடு வந்தது.

அதே ஆழம். அதே நீளம்.

தெற்கே தள்ளி ஒரு மேடு. அவ்வளவுதான்.

அவளுக்கு அழுகை வந்தது. மறைக்கத் தோன்றவில்லை. ஜெபராஜ் அவள் பக்கம் திரும்பாமல் மீதி வேலையை முடித்தான். பொய்க் கோட்டை அசல் படத்திலிருந்து கழிக்க வேண்டும். கழித்தான்.

அவளுடைய கோடு மறைந்துபோயிற்று.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஜெபராஜ் எழவில்லை. கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டான். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான்.

அவளும் குனிந்தாள்.

அவளுடைய கோடு இருந்த இடத்துக்கு வெகு கீழே, மங்கலாக, இன்னொன்று.

படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை.

இத்தனை நேரம் மேலே இருந்த பொய்யின் வெளிச்சத்தில் அது கண்ணில் படவே இல்லை. மலைகளை மட்டும் வைத்துப் போட்ட படத்தில் அந்த இடம் கன்னங்கரேலென்று இருந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனையோ கோடி வருஷமாக, யாரும் பார்க்காத இருட்டில், இவ்வளவு பெரியது சும்மா கிடந்திருக்கிறது. அதன் முன்னால் தன் அழுகை, கைப்பை, மாலைக் கூட்டம் எல்லாமே அவளுக்குச் சின்னதாகப்பட்டன.

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜெபராஜ் கையைக் காட்டித் தடுத்தான். விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இது நான் பாத்தது மேடம். நீங்கதான் உடைக்கணும். தாட்சண்யம் பாக்காதீங்க."

அவள் உட்கார்ந்தாள்.

நேர்மையாகத்தான் ஆரம்பித்தாள். தெற்கு மேட்டை எடுத்தாள். பொருந்தவில்லை. மேற்கே இருந்த பள்ளத்தின் விளிம்பை எடுத்தாள். பொருந்தவில்லை. மலைகளின் உயரத்தைக் கூட்டினாள். கலம் போன பாதையைக் கொஞ்சம் நகர்த்தினாள். அவன் அவளை எப்படியெல்லாம் தோற்கடித்திருந்தானோ அத்தனை வழியையும் அவன்மேல் பிரயோகித்தாள்.

பின்னால் நின்று ஜெபராஜ் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கடைசி மலையும் தீர்ந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லத் திட்ட இயக்குநரே வந்திருந்தார். அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"என்னால உடைக்க முடியல சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஜெபராஜின் முகத்தைப் பார்த்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

கடைசிச் சுற்று எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை.